பின்சீட்

தமிழ் சினிமாவில் பைக் ஓடும்போதெல்லாம் காற்று குளிர்ச்சியாகவே அடிக்கிறது. சட்டையின் மேல் பட்டன் திறந்திருக்கும், முடி பறக்கும், பக்கத்தில் கடலோ மலையோ ஒன்று கூடவே ஓடிவரும். ‘அலைபாயுதே’ (2000) அப்படித்தான் தொடங்குகிறது. மாதவன் பைக்கில் பாடிக்கொண்டே வருகிறார். அந்தப் படம் உண்மையில் ஒரு சாலை விபத்தைப் பற்றியது. கார் மோதி ஷாலினி எங்கோ ஆஸ்பத்திரியில் கிடக்க, வீட்டுக்கு வராத மனைவியைத் தேடிக் கணவன் அலைவதுதான் படத்தின் நிகழ்காலம். ஆனால் இருபது வருஷம் கழித்து நமக்கு ஞாபகம் இருப்பது அந்த முதல் பாட்டும் அந்தக் காற்றும்தான்.

மே மாதம் மதியம் ரெண்டு மணிக்கு நம்பர் ஒன் டோல்கேட்டில் இருந்து சமயபுரம் பக்கம் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காற்றின் மீது ஒரு சந்தேகம் இருக்கும். மனிதத் தோலின் வெப்பநிலை சுமாராக 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால், வேகமாகப் போகப் போக உடம்புச் சூட்டை அது எடுத்துக்கொண்டு போகும். அக்னி நட்சத்திரத்தில் திருச்சியில் 40-ஐத் தாண்டும்போது கணக்கு திரும்பிவிடுகிறது. அப்போது காற்றுதான் உடம்புக்குச் சூட்டைக் கொடுக்கிறது. காப்பாற்ற மிச்சம் இருப்பது வியர்வை ஆவியாவது ஒன்றுதான். அதுவும் சட்டை நனைவதற்கு முன்பே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. கொஞ்சம் வேகமாப் போனா சில்லுன்னு இருக்கும் என்று ஆக்சிலரேட்டரை முறுக்குகிறவர், முகத்துக்கு நேரே பிடித்திருக்கும் ஹேர் ட்ரையரின் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறார். கீழே எஞ்சின் சூடு, முன்னால் லாரியின் புகை, அதற்கும் கீழே உருகுகிற தார். திருச்சியில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்களைப் பாருங்கள். துப்பட்டாவை முகத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முழங்கை வரை உறை மாட்டி, கண் மட்டும் தெரிகிற மாதிரிதான் வெளியே கிளம்புகிறார்கள். சினிமாக் கதாநாயகியின் முடி ஏன் பறக்கிறது என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

யதார்த்தம் போதவில்லை என்பது என் புகார் இல்லை. சினிமாவில் மழையே டேங்கர் லாரியில்தான் வருகிறது. என் கேள்வி வேறு. இந்தக் காற்று யார் முகத்தில் அடிக்கிறது? ஓட்டுகிறவன் முகத்தில். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் காற்றுக்கு முன்னால் ஒரு முதுகு வந்துவிடுகிறது. நம் பைக் படங்கள், பைக் பாட்டுகள், இப்போது வருகிற பைக் வீடியோக்கள் எல்லாமே ஹேண்டில்பாரில் இருந்து பார்த்தவை. பின்சீட்டில் ஒரு பெண் இருந்தால் அவள் கட்டிப்பிடித்துக்கொள்வதற்காக இருக்கிறாள், ஒரு நண்பன் இருந்தால் காமெடிக்காக இருக்கிறான். அவர்களுக்கு அங்கிருந்து என்ன தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ராபர்ட் பிர்ஸிக்கின் ‘ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ (1974) நான் வேலை பார்க்கும் மென்பொருள் உலகத்தில் கிட்டத்தட்ட வேதம். தரம் என்றால் என்ன என்று யாராவது ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் இந்தப் பெயர் வந்துவிடும். 1968-ல் மின்னசோட்டாவில் இருந்து கலிபோர்னியா வரை ஒரு ஹோண்டாவில் அவர் போன பயணம்தான் புத்தகத்தின் சட்டகம். தொடக்கத்திலேயே ஒரு வாதம் வைக்கிறார்: காரில் போகிறவனுக்கு உலகம் கண்ணாடிக்குள் ஓடும் டிவி, பைக்கில் போகிறவனுக்கு அந்தக் கண்ணாடி கிடையாது. உலகத்தில் இருக்கும் எல்லா பைக்காரர்களும், புத்தகத்தைப் படிக்காதவர்களும்கூட, இதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதே பக்கங்களில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். பெரிய விரைவுச் சாலைகளை அவர் தவிர்க்கிறார். அவசரம் இல்லாத, வண்டி குறைவான கிராமத்துச் சாலைகளைத் தேடித் தேடிப் போகிறார். கண்ணாடி இல்லாமல் இருப்பது அவர் தேர்ந்தெடுத்துக்கொண்ட சுகம்.

இங்கே அந்தத் தேர்வு கிடையாது. பழைய என்.எச். 45, இப்போது எண் மாறி 38 ஆகிவிட்டாலும் ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் நாற்பத்தஞ்சுதான், அமெரிக்க அர்த்தத்தில் விரைவுச் சாலை இல்லை. அது சென்னைக்குப் போகிறவனின் நெடுஞ்சாலை. அதே நேரத்தில் பக்கத்து ஊர்க்காரனுக்கு ரேஷன் கடைக்கும் வயலுக்கும் போகிற தெரு. நான்கு வழியாக்கி நடுவில் சுவர் வைத்தபோது ஊர் ரெண்டாகப் பிரிந்தது. எதிர்ப்பக்கம் இருக்கும் டீக்கடைக்குப் போக ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளித் திரும்பி வர வேண்டும் என்றால், எதிர்த்திசையில் ஓரமாக ஊர்ந்து வருகிறவனை வெறும் திமிர் என்று சொல்லிவிட முடியாது. வடிவமைப்பில் விட்டுப்போன ஒரு தேவையை அவன் உயிரைப் பணயம் வைத்து நிரப்பிக்கொண்டிருக்கிறான். சமயபுரத்தில் பூச்சொரிதலும் சித்திரைத் தேரும் வரும் நாட்களில் இதே சாலையின் ஓரத்தில் மஞ்சள் துணி கட்டி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து போவார்கள். வெறுங்காலில். அவர்களை ஒட்டி டிவிஎஸ் எக்ஸெல், அதை ஒட்டி ஆம்னி பஸ். உண்மையான விரைவுச் சாலை என்று ஒன்று பக்கத்து மாநிலத்தில் வந்தபோது நடந்தது நமக்குத் தெரியும். பெங்களூரு–மைசூரு சாலையின் பிரதான வழியில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குகளுக்குத் தடை. பாதுகாப்புக்காகத்தான், நியாயம்தான். ஆனால் இந்த நாட்டில் சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை எவையோ, அவற்றை வெளியே நிறுத்திவிட்டுத்தான் ஒரு சாலை சாலையாக முடிகிறது.

பிர்ஸிக்குக்குத் திரும்புகிறேன். அந்தப் புத்தகத்தைத் தத்துவத்துக்காகப் படிக்கிறவர்கள் தாண்டிப்போய்விடும் ஒரு ஆள் அதில் இருக்கிறான். கிறிஸ், பதினொரு வயது மகன். அப்பா முன்னால் உட்கார்ந்து ப்ளேட்டோவோடும் அரிஸ்டாட்டிலோடும் சண்டை போட்டுக்கொண்டே ஓட்டுகிறார். பையனுக்குப் பின்னால் வயிற்று வலி, சலிப்பு, அழுகை. பயணம் முடியப்போகும்போது, கலிபோர்னியாவில், ரெண்டு பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள். பையன் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று அப்பாவின் தோளுக்கு மேலாக முதல் தடவையாகச் சாலையைப் பார்க்கிறான். இத்தனை நாளும் அவன் பார்த்துக்கொண்டு வந்தது அப்பாவின் முதுகை மட்டும்தான் என்பது அப்போதுதான் அப்பாவுக்கு உறைக்கிறது. கண்ணாடிச் சட்டம் இல்லாத வாகனம் என்று முதல் பக்கங்களில் கொண்டாடிய மனிதர், தானே ஒரு சட்டமாக, ஒரு சுவராக, மகனுக்கு முன்னால் பாதி அமெரிக்காவைத் தாண்டி உட்கார்ந்து வந்திருக்கிறார். நானூறு பக்கத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இடம்தான். 1979-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிறிஸ் கொல்லப்பட்டான். பிற்காலப் பதிப்பின் பின்னுரையில் பிர்ஸிக் அதை எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அந்தப் பையன் எழுந்து நிற்கும் காட்சியைச் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

டி-ஷர்ட்டில் அதிகம் அச்சாகும் இன்னொரு பைக் பயணம் சே குவேராவுடையது. 1952-ல் அவர் கிளம்பிய அந்த நார்ட்டன் 500 அவருடையதே அல்ல, நண்பர் அல்பெர்ட்டோ கிரனாடோவின் வண்டி. அது சிலியிலேயே உயிரை விட்டுவிடுகிறது. சுரங்கத் தொழிலாளர்களைச் சந்திப்பது, பெருவில் தொழுநோயாளிகளோடு தங்குவது என்று அந்த நாட்குறிப்பை முக்கியமாக்கும் பகுதிகள் எல்லாம் வண்டி போன பிறகு நடந்தே, லாரியில் இடம் கேட்டே நிகழ்ந்தவை. வால்டர் சாலஸ் 2004-ல் எடுத்த படத்திலும் அப்படித்தான். ஆனால் டி-ஷர்ட்டில் வண்டி மட்டும் பெட்ரோல் தீராமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த ரெண்டையும் வைத்துக்கொண்டு ‘பொல்லாதவன்’ (2007) பக்கம் வரலாம். தமிழில் பைக்கைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை என்பது என் கருத்து. வெற்றிமாறனின் முதல் படம். கீழ் நடுத்தர வீடு, வேலை இல்லாத பையன், அப்பாவோடு முட்டல், அப்பா கொடுத்த பணத்தில் வாங்கிய பல்சர். வண்டி வந்ததும் அவன் முதுகு நிமிர்கிறது, காதல் கைகூடுகிறது, வாழ்க்கைக்கு ஒரு திசை கிடைக்கிறது. வண்டி திருடு போனதும் எல்லாம் சரிகிறது. இதில் பைக் சுதந்திரத்தின் சின்னமாக வரவில்லை, குடும்பச் சொத்தாக வருகிறது. ஆர்.சி. புக்கும் சாவியும் போலீஸ் ஸ்டேஷனும் உதிரிபாகச் சந்தையும் உள்ள ஒரு பொருளாக வருகிறது. ராயப்பேட்டையிலோ மண்ணச்சநல்லூரிலோ பைக் அப்படித்தான் இருக்கிறது. தவணை முடியாத பைக்கை ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தோடு இதை ஒப்பிடாதவர்கள் இல்லை. ஒப்பீடு திருட்டோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. டி சிகா படத்தில் சைக்கிளை அடகில் இருந்து மீட்க மனைவி மரியா படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் வைக்கிறாள். பிறகு அந்த சைக்கிளில் கணவனோடு உட்கார்ந்தும் போகிறாள். தொலைந்த பிறகு ரோம் முழுக்கத் தேடும்போது சிறுவன் ப்ரூனோ பக்கத்திலேயே ஓடி வருகிறான். அப்பா ஏமாறுவதை, கடைசியில் தானே திருடப் பார்த்து மாட்டிக்கொள்வதை, எல்லாவற்றையும் ஒரு பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் படத்தை நம்மால் மறக்க முடியாததற்குக் காரணம் தொலைந்த சைக்கிள் இல்லை, ப்ரூனோவின் கண். ‘பொல்லாதவ’னில் அந்தக் கண் இல்லை. பிரபுவைப் பார்த்துக்கொண்டே கூட வர யாரும் இல்லை. அதனால்தான் படத்தின் பின்பாதி அடிதடிக்குள் அவ்வளவு சுலபமாக வழுக்கி விழ முடிகிறது. பக்கத்தில் ஒரு பையன் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்த அரிவாள்கள் அவ்வளவு வீரமாகத் தெரியாது. வெற்றிமாறன் பைக்கை எங்கள் வீட்டு வாசலில் சரியாக நிறுத்தினார். பின்சீட்டை மட்டும் காலியாக விட்டுவிட்டார்.

‘வலிமை’ (2022) பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. அதில் பைக் ஒரு தோட்டா. அஜித் நிஜத்தில் ஊர் ஊராகப் போகும் பைக் பயணங்களில் இருக்கிற நிதானத்தில் கால்வாசிகூடப் படத்தில் இல்லை.

எங்கள் சாலையைப் பற்றி எடுக்கப்பட்ட ஒரே முக்கியமான படம் ‘எங்கேயும் எப்போதும்’ (2011). திருச்சியில் இருந்து சென்னைக்கு ஒரு பஸ், சென்னையில் இருந்து திருச்சிக்கு ஒரு பஸ், ரெண்டும் விழுப்புரம் அருகே மோதுகின்றன. முதலிலேயே விபத்தைக் காட்டிவிட்டுத்தான் இயக்குநர் எம். சரவணன் கதைக்குள் போகிறார். ஜெய்–அஞ்சலி காதலுக்காக அந்தப் படத்தைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒரு கணக்கு. அது சீட் சீட்டாக எண்ணுகிறது. வெளிநாட்டில் இருந்து குழந்தையைப் பார்க்க வருகிறவர், பஸ்ஸில் அப்போதுதான் கண்ணால் பேச ஆரம்பித்த இளசுகள் என்று சாகப்போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ரெண்டு நிமிஷமாவது ஒதுக்குகிறது. ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் ஐம்பது பேரையும் பார்க்க முடிந்த சினிமாவால், ரெண்டே பேர் உட்காரும் வண்டியில் ரெண்டாவது ஆளைப் பார்க்க முடியவில்லை. வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இப்போது பைக்கின் முக்கியமான கலைவடிவம் சினிமா இல்லை, மோட்டோவ்லாக். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. சின்ன ஊர்ப் பையன்கள், கல்லூரி முடித்த கையோடு, தவணை வண்டியில் லடாக் வரை போய்வந்து அதைத் தமிழில் சொல்லியிருக்கிறார்கள். நம் சாலைகளின் ஆவணம் என்று பிற்காலத்தில் யாராவது தேடினால் இந்த வீடியோக்கள்தான் கிடைக்கும். ஆனால் வடிவம் தன் வேலையைச் செய்கிறது. கேமரா ஹெல்மெட்டின் தாடையில் இருக்கிறது. சட்டகத்தில் டேங்க், மீட்டர், ரெண்டு கை, மிச்சமெல்லாம் சாலை. அகன்ற கோண லென்ஸ் ஓரங்களை இழுப்பதால் அறுபதில் போனாலும் நூறு மாதிரி இருக்கும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மைக்கில் கேட்பது ஒரே குரல். இந்தக் கோணத்தில் உடம்புக்கு வலி கிடையாது, தாகம் கிடையாது, திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி விழுந்த டிடிஎஃப் வாசனின் ஓட்டுநர் உரிமம் பத்து வருஷத்துக்குப் பறிபோனது. எல்லோரும் அந்தப் பையனைத் திட்டினோம். நான் கவனித்தது, அவரைத் திட்டிய மீம்களும் அதே தாடைக் கேமரா கோணத்தில்தான் இருந்தன.

பின்சீட்டைப் பற்றி யோசித்தவர்கள் வேறு இடத்தில் இருந்திருக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123 என்று ஒரு விதி. பைக்கில் பின்னால் உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் வேண்டும், உடுத்தியிருக்கும் துணி பின்சக்கரத்தில் சிக்காதபடி சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும். சேலை கார்டு என்று நாம் சொல்லும் அந்தக் கம்பி வலை. புது பைக் வாங்கியதும் பையன்கள் முதல் வேலையாக ‘லுக்கு போவுதுடா’ என்று கழற்றி எறிவது அதைத்தான். ஒரு சேலை, ஒரு சக்கரம், ரெண்டுக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று யோசித்து எழுதிய அந்த அதிகாரியை நான் நம் பாடலாசிரியர்கள் பலருக்கு மேலே வைப்பேன்.

அப்புறம் டிவிஎஸ் 50. தமிழ்நாடு ரெண்டு வண்டிகளை நாட்டுக்குக் கொடுத்தது. திருவொற்றியூரில் இருந்து புல்லட், ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50. முதலாவதுக்கு மீசையும் பாட்டும் கிடைத்தன. 1980-ல் வந்த ரெண்டாவது, நாட்டின் முதல் இருவர் அமரும் மொபெட். ஐம்பது சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு பின்னால் இன்னொருத்தர் உட்காருவார் என்று கணக்குப் போட்டதுதான் அதன் புரட்சி. எங்கள் ஊர் அரிசி மில் வாசல்களில் அதன் வாரிசான எக்ஸெல் இன்றும் பொன்னி மூட்டை சுமக்கிறது. மூட்டை இறங்கினதும் மனைவியும் பிள்ளையும் ஏறுகிறார்கள். அதைக் கதாநாயகன் ஓட்டினால் நம் படத்தில் உடனே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

ஹெல்மெட் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2007-ல் ஒரு முறை கட்டாயமாக்கினார்கள், தேய்ந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் மறுபடியும், பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கையின்படி அந்த வருஷம் நாட்டில் சாலையில் செத்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். தமிழ்நாட்டின் மொத்தச் சாவு 17,884. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்களாக நாடு முழுக்க எண்ணப்பட்ட 50,029 பேரில் ஓட்டாமல் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் 14,337. வண்டியில் ஒரு ஹெல்மெட்தான் இருக்கும், அது எப்போதும் முன்னால்தான் இருக்கும். ‘அதுக்கு வேர்க்கும்’, ‘பூ வாடிரும்’, ‘பக்கத்துலதானே’ என்று காரணம் சொல்வதும் முன்னால் இருப்பவர்தான். அந்த எண்ணிக்கையில் எத்தனை பேர் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்கள் என்று தனிக் கணக்கு எடுத்துப் போட வேண்டும் என்று தோன்றுகிறது.

என் அப்பாவும் அம்மாவும் ரெண்டு பேருமே திருச்சியில் வேலை பார்த்தவர்கள். இருபத்தைந்து வருஷம் மண்ணச்சநல்லூரில் இருந்து டோல்கேட், கொள்ளிடம் பாலம், திருவானைக்காவல், காவிரிப் பாலம், சத்திரம் என்று ஒரே வண்டியில் போய்வந்தார்கள். அந்தச் சாலையைப் பற்றி அப்பாவிடம் கேட்டால் எங்கே பள்ளம், எங்கே போலீஸ் என்று சொல்வார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, இந்தக் கட்டுரையை மனசில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன்.

“எனக்கு எங்கடா ரோடு தெரிஞ்சுச்சு? ஒங்க அப்பா தோளுதான் தெரியும். தோளு தூக்குனா பின்னால பஸ்ஸு வருதுன்னு அர்த்தம். கண்ணாடியில பாத்துருவாரு, வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நான் ஒன்னைய இறுக்கிப் புடிச்சுக்குவேன்.”

வேற என்ன தெரிஞ்சுச்சு என்றேன். “ஒரு பக்கந்தான். போறப்ப ஒரு பக்கம், வர்றப்ப இன்னொரு பக்கம். வெயிலு மட்டும் ரெண்டு நேரமும் மூஞ்சிலதான் அடிக்கும். அது ஏன்னுதான் எனக்குப் புரியவே இல்ல.”

அவளுக்கு ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினேன். சேலை கட்டி ஒருக்களித்து உட்காருகிறவள் எப்போதும் இடப்பக்கம் பார்த்துத்தான் உட்காருகிறாள். காலையில் தெற்கே திருச்சிக்குப் போகும்போது இடப்பக்கம் கிழக்கு. சாயங்காலம் வடக்கே திரும்பும்போது அதே இடப்பக்கம் மேற்கு. முன்னால் உட்கார்ந்து ஓட்டிய அப்பாவுக்கு ரெண்டு நேரமும் சூரியன் பக்கவாட்டில்தான் இருந்தது. அம்மா தாளைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்ப முந்தானைய இழுத்துப் போட்டுக்கிட்டது சரிதான்” என்றாள்.